கலைமதியின் கத்தியும் உயர்மட்டக் குழுவும்

நலமறிவோம் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் ஸ்ரீரங்கம் கிளையில், வேலை முடிந்து போகிற ஊழியர்களின் பைகளைத் திறந்து பார்ப்பது வழக்கம். ஊசி, பஞ்சு, வாடிக்கையாளரின் ரத்தம் முதலியவை ஊழியர் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக நிர்வாகம் செய்திருந்த ஏற்பாடு அது. அடுத்தவர் ரத்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருவர் என்ன செய்வார் என்று நிர்வாகம் சொன்னதில்லை. ஆவணி மாதத்தில் ஒருநாள் அப்படிப் பார்த்தபோதுதான் கலைமதியின் கைப்பையில் கத்தி கிடைத்தது.

பெரிய கத்தி இல்லை. மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி. சின்னக்கடை வீதியில் ஹேர் கிளிப் வாங்கப் போனவள், பக்கத்துக் கடையில் பார்த்து வாங்கியது. கடைக்காரர் ஏழெட்டை எடுத்து மேசையில் போட்டார். ஒன்று நகம் உடைகிற அளவுக்கு இறுக்கம். இன்னொன்று தொட்டாலே திறந்துகொண்டது. நீளமானது பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் போகவில்லை. கடைசியாக, திறந்தால் அசையாமல் நிற்பதாகவும் ஒரு கையால் மடக்க வருவதாகவும் இருந்ததை எடுத்துக்கொண்டாள். தேர்வு முடிந்தபோது கடைக்காரரின் கையிலிருந்த டீ இன்னும் ஆறியிருக்கவில்லை.

"கையில குடுக்காதீங்கம்மா, மேசையில வைங்க" என்றார் கிளையின் காவலாளி. "கத்தியக் கைக்குக் கை வாங்குனா சண்டை வரும்."

அவள் வைத்தாள். சண்டை வரக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தவர், கத்தியை எடுத்துக்கொண்டு நேரே மேனேஜரிடம் போய் அவள்மீது புகார் சொன்னார்.

மேனேஜர் பானுப்ரியா நல்லவள். "எதுக்கு கலை இதெல்லாம்?" என்றாள்.

"ஐஸ் பாக்ஸ் டேப்பு அறுக்கறதுக்குங்க மேடம். வழியில கொய்யாப்பழம் வாங்குனா நறுக்கலாம். அப்புறம்... அந்த ரோட்டுக்கு."

அந்த ரோடு மேலூரிலிருந்து முக்கொம்பு பக்கம் போவது. ஒருபுறம் கொள்ளிடக் கரை, மறுபுறம் வாழைத்தோப்பு. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வருகிற மாலை நேரப் பாதை கலைமதியுடையது. போன வாரம் பைக்கில் இரண்டு பேர், திம்மராயசமுத்திரத்திலிருந்து மேலூர் வரை அவளுடைய ஸ்கூட்டியை ஒட்டியே வந்திருந்தார்கள். ஒன்றும் செய்யவில்லை. சிரித்துக்கொண்டு மட்டும் வந்தார்கள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

திருவெறும்பூரில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவன் இளவரசன் அதிகம் பேசுகிறவன் இல்லை. "தீபாவளி வரைக்கும் பாரு. அதுக்குள்ள ஒரு வழி பண்ணலன்னா அந்த ரூட்டே வேணாம்" என்று மட்டும் சொன்னான். அந்த ரூட் வேண்டாம் என்றால் வேலை வேண்டாம் என்று அர்த்தம். அவளை எடுத்ததே அந்தப் பாதைக்குத்தான். எப்பேர்ப்பட்ட கிழவர் கையிலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள் கலைமதி. அவளுக்குத் தெரிந்து அவளுக்கு நன்றாக வந்த காரியம் அது ஒன்றுதான். அதை விட அவளுக்கு மனமில்லை.

"ரூல் இருக்கே, நான் என்ன பண்ண? எழுதிக் குடு. ஹெட் ஆபீசுக்கு அனுப்புறேன்" என்றாள் பானுப்ரியா.

கலைமதி நாலு வரி எழுதிக் கொடுத்தாள். தில்லைநகர் தலைமை அலுவலகம் அதைப் படித்துவிட்டு, களப்பணியாளர் தற்காப்பு ஆலோசனை உயர்மட்டக் குழுவை அமைத்தது.

குழுவின் தலைவர் பிச்சைமுத்து, பெரிய அரசுப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலத்தில் பல குழுக்களுக்குத் தலைமை தாங்கியவர். அவர் தலைமையில் எந்தக் குழுவும் தோற்றதில்லை, எதுவும் முடிந்துபோனதும் இல்லை. சட்ட ஆலோசகர் அழகியமணவாளன், ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். கொள்முதல் அலுவலர் சர்ஃபராஸ், இளைஞன், கத்திப் பிரியன். கத்தி வீடியோக்கள் பார்த்தே கண்ணாடி போட நேர்ந்தவன். மனுதாரர் என்ற முறையில் கலைமதிக்குக் கதவருகே நாற்காலி போட்டிருந்தார்கள்.

முதல் கூட்டம் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கியது. விளக்கு அணையாமல் இருக்க மின்விசிறியை நிறுத்தினார்கள். தலைவருக்குச் சர்ஃபராஸ் பொன்னாடை போர்த்தினான். அதையே தலைவர் எடுத்துச் சட்ட ஆலோசகருக்குப் போர்த்தினார். அவர் அதைச் சர்ஃபராஸுக்குப் போர்த்தினார். மூன்று முறையும் கலைமதி கை தட்டினாள், வேறு யாரும் தட்டுவதற்கு இல்லை. பிறகு வியர்வை வழியத் தலைவர் எழுந்தார்.

"ஒரு பெண் ஊழியர் கத்தி கேட்கிறார். வேறு நிறுவனமாக இருந்தால் ஒரு கத்தியைக் கொடுத்து விஷயத்தை முடித்திருக்கும். நாம் அப்படிப் பொறுப்பில்லாதவர்கள் அல்ல. முதலில் நாம் அவருக்கு ஒரு கொள்கையைக் கொடுப்போம்."

கலைமதி எழுந்து நின்றாள். "சார், எங்கிட்ட கத்தி இருக்குங்க. அதைத் திருப்பிக் குடுத்தாப் போதும்."

"அது தேர்ந்தெடுக்கப்படாத கத்திம்மா."

"நான்தாங்க சார் தேர்ந்தெடுத்தேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் பிச்சைமுத்து, அன்பாக.

அழகியமணவாளனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏம்மா, உன் பையிலதான் அத்தனை ஊசி இருக்கே. ஆபத்துன்னா அதாலேயே ரட்சிச்சுக்கப்படாதோ?"

"ஊசியெல்லாம் எண்ணிக் குடுக்குறாங்க சார். ஒண்ணு குறைஞ்சாலும் விளக்கம் கேக்குறாங்க."

"கேட்கத்தான் வேண்டும்" என்றார் தலைவர். "ஊசியை அந்த ஆள் உடம்பிலேயே விட்டுவிட்டு வந்தால் மருத்துவக் கழிவைத் தெருவில் போட்டதாக ஆகும். அபராதம் யார் கட்டுவது?"

கலைமதியின் கத்தி அன்றைக்கே ஒரு உறையில் போடப்பட்டு, மாதிரி எண் ஒன்று என்று பெயர் பெற்றது. அதன் பிறகு அதை அவள் பார்க்கவில்லை.

இரண்டாவது கூட்டத்துக்குச் சர்ஃபராஸ் ஒரு பெட்டி நிறைய மாதிரிகளோடு வந்தான். கண்கள் மின்னின. "மேடம், டெய்லி பாக்கெட்ல வச்சுக்கற கத்திக்கு மூணே விஷயம்தான். எடுக்க வரணும், திறக்க வரணும், நம்ப வரணும். திறந்தா லாக் ஆகணும். இல்லன்னா குத்துறப்ப அதுவா மடங்கி உங்க விரலைத்தான் நறுக்கும்."

அந்தக் குழுவில் பேசப்பட்ட உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். அது குறிப்பில் ஏறவில்லை.

தலைவர் மாதிரியைப் பார்க்கக் கை நீட்டினார். நீட்டிய கையில் கொடுக்கப் போன சர்ஃபராஸ், சட்டென்று நிறுத்தி மேசையில் வைத்தான். தலைவரும் பாராட்டுகிற மாதிரி தலையசைத்து எடுத்துக்கொண்டார். அழகியமணவாளனிடம் தரும்போது அவரும் வைத்தார். மேசையோ தலைமை அலுவலகத்துக்கே உரிய நீள்வட்ட மேசை. ஒரு கத்தி ஒரு சுற்று வர, ஒருவர் எழுந்து நடந்து போய் வைக்க வேண்டும், இன்னொருவர் எழுந்து வந்து எடுக்க வேண்டும். பித்தளைப் பிடி போட்டது, விசில் வைத்தது, அட்டை போல மடிவது, பாட்டில் மூடி திறப்பது என்று எல்லாம் சுற்றி முடித்தபோது மதியச் சாப்பாடு வந்துவிட்டது. "மாதிரிகள் சுமுகமாகப் பார்வையிடப்பட்டன, உறுப்பினர்களிடையே பகை எதுவும் ஏற்படவில்லை" என்று குறிப்பு எழுதினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு சட்டப் பிரச்சனை. "முனை இத்தனை கூர்மையா இருக்கே" என்றார் அழகியமணவாளன். "தாக்க வரவனுக்குக் காயம் பட்டா நம்ம மேலன்னா வியாஜ்யம் போடுவான்? பெருமாள் திருக்கையிலே சக்கரம் இருக்கு, வாஸ்தவம். அவர்மேலே யாரும் கேஸ் போட முடியாது. நமக்கு அப்படி இல்லை. முனையை உருட்டிடுங்கோ."

"அதோடு" என்றார் தலைவர், "தாக்க வருகிறவரும் இந்த மாவட்டத்துக்காரர். நாளைக்கு அவருக்கும் சர்க்கரை வரும், கொழுப்பு வரும். அவர் நம் வருங்கால வாடிக்கையாளர். நம் கத்தியால் ரத்தம் சிந்திவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு வேறு லேபுக்குப் போனார் என்றால் இந்த நிறுவனத்துக்கு அதைவிட அவமானம் உண்டா?"

இல்லை என்று குழு ஏகமனதாக முடிவு செய்தது.

புரட்டாசியில் களச் சோதனை. அதற்குக் குழு முக்கொம்பைத் தேர்ந்தெடுத்தது. கலைமதி தினமும் போகிற பாதை முக்கொம்புக்கு முன்பே இருக்கிறது என்பதால், வேன் அதைத் தாண்டித்தான் போனது. யாரும் இறங்கவில்லை. மதகுகளுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஜமுக்காளம் விரித்து, மாதிரிகளால் வெள்ளரியையும் கொய்யாவையும் நறுக்கிப் பார்த்தார்கள். சர்ஃபராஸுக்கு மாதிரி மூன்றின்மேல் தனிப் பாசம். திறந்தால் டக்கென்று நிற்கும். அந்தப் பாசத்தில் வறுத்த மீனை அதனால் துண்டு போட்டுவிட்டான். அழகியமணவாளன் தன் புளியோதரைப் பொட்டலத்தோடு இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்.

"மீன்ல பட்டுடுத்து. இனிமே அதை அடியேன் பரிசீலிக்க முடியாது" என்றார்.

இருந்தவற்றில் நல்ல கத்தி அப்படித்தான் போட்டியிலிருந்து விலகியது.

பிறகு தற்காப்புச் சோதனை. தாக்குபவராகத் தலைவரே இருக்க முன்வந்தார். "நான் ஓடி வருவேன். தற்காத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, வேப்பமரத்திலிருந்து ஓடி வந்தார். பாதி வழியில் மார்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கலைமதி ஓடிப்போய் நாடி பிடித்து, தண்ணீர் கொடுத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தினாள். தாக்குபவருக்கு மூச்சு வாங்கியதால் தாக்குதல் ஒத்திவைக்கப்பட்டது.

ஆயுத பூஜைக்கு மாதிரிகளுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு அடுக்கினார்கள். பூஜையில் வைத்ததை உடனே எடுக்கக் கூடாது என்று அப்படியே விட்டார்கள். எப்போது எடுப்பது என்று யாரும் முடிவு செய்யாததால் ஐப்பசி பிறந்தும் அவை அங்கேயே இருந்தன. இதற்கிடையில் கலைமதி ஸ்கூட்டி சாவியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு வாழைத்தோப்பு ரோட்டில் போய் வந்துகொண்டிருந்தாள். பொழுது சீக்கிரம் இருட்டத் தொடங்கியிருந்தது. இளவரசன் காலண்டரில் தீபாவளியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தான்.

ஒருவழியாகத் தீபாவளிக்கு முந்தின வாரம் வழங்கும் விழா நடந்தது. தேர்வு பெற்ற கத்தியின் முனை உருண்டை. பாதி அலகு மழுக்கல், மீதிப் பாதி வழவழப்பு. பிடியில் நிறுவனத்தின் சின்னம். அதற்கு இப்போது கத்தி என்று பெயரில்லை, தற்காப்புச் சாதனம். அதைக் கெட்டியான பிளாஸ்டிக்கில் நான்கு பக்கமும் உருக்கி ஒட்டி, மேலே பளபளக்கும் சீல் வைத்திருந்தார்கள். கையில் கொடுக்கக் கூடாது என்பதால் வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து, தட்டைக் கீழே வைத்து, கலைமதி குனிந்து எடுப்பது போலப் போட்டோ பிடித்தார்கள்.

பயன்பாட்டு விதிகளைத் தலைவர் வாசித்தார். ஆபத்து வந்தால், நிறுவனம் வழங்கிய சாதனம் தன்னிடம் இருப்பதை முதலில் எதிராளிக்கு மரியாதையாக அறிவிக்க வேண்டும். அவருடைய பெயர், வயது, தொலைபேசி எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். அதன் பிறகே சீலை உடைக்கலாம். ஊழியரைத் தவிர வேறு யார் உடைத்தாலும் ஊழியரே விளக்கம் தர வேண்டும்.

"சந்தேகம் ஏதாவது உண்டா?"

கலைமதிக்கு இருந்தது ஒரே சந்தேகம். அதை அந்த இடத்தில் கேட்க முடியாது.

இரண்டு நாள் கழித்து, திம்மராயசமுத்திரத்தில் ஒரு பெரியவருக்குச் சாப்பிட்ட பிறகான சர்க்கரைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தாள். வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. சின்ன மதகு ஒன்றின் பக்கத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பைக் நின்றது. முகத்தில் கர்ச்சீப் கட்டியிருந்த ஒருவன் இறங்கி வந்தான். கையில் மடக்குக் கத்தி, திறந்திருந்தது. அவள் சின்னக்கடை வீதியில் எடுத்ததற்கு அண்ணன் மாதிரி இருந்தது.

"செயினு, போனு ரெண்டையும் எடு. சத்தம் போடாத."

கலைமதியின் கை தானாகப் பைக்குள் போய்ச் சாதனத்தை எடுத்தது. நகத்தால் கீறினாள். பல்லால் கடித்தாள். ஸ்கூட்டி சாவியால் குத்தினாள். பிளாஸ்டிக்கில் ஒரு கோடுகூட விழவில்லை.

"என்னாது அது?"

"கம்பெனி குடுத்த தற்காப்புச் சாதனங்க" என்றாள். மனப்பாடம் செய்திருந்தது மட்டும் வெளியே வந்தது. "எங்கிட்ட இருக்குன்னு உங்களுக்கு மரியாதையா அறிவிக்கணும்."

"சாதனம்னா?"

"கத்திங்க."

அவன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான். "இதுக்குள்ளயா இருக்கு?"

"ஆமாங்க. உங்க பேரு?"

"மருதை" என்று சொல்லிவிட்டுக் கர்ச்சீப்போடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டான். "பேரெல்லாம் எதுக்கு?"

"வயசும் கேக்கச் சொல்லியிருக்காங்க." யாராவது வர மாட்டார்களா என்று அவள் ரோட்டைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. மறுபடியும் பல்லால் கடித்தாள்.

நம் ஊரில் ஒருவர் ஒரு பொட்டலத்தைப் பிரிக்க முடியாமல் திணறுவதை இன்னொருவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. மருதையும் நம் ஊர்க்காரன்தான்.

"பல்லு போயிருங்க. இங்க கொண்டாங்க."

"இல்லங்க, சீல நாந்தான் உடைக்கணும். வேற யாரு உடைச்சாலும் என்னைய விளக்கம் கேப்பாங்க."

"என்னா கம்பெனிங்க அது!" அவனுக்கு நிஜமாகவே எரிச்சல் வந்தது. "ஓரத்துல லேசாக் கீறி விட்டாப் பிரிஞ்சிரும். இந்தாங்க." தன் கத்தியைத் திருப்பிப் பிடியை அவள் பக்கம் நீட்டினான். அவள் கையை நீட்டியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"கையில குடுக்கக் கூடாதுங்க. சண்டை வந்துரும்."

மதகுச் சுவரின்மேல் கத்தியை வைத்துவிட்டு, முறைப்படி ஓரடி பின்னால் தள்ளி நின்றான்.

கலைமதி எடுத்தாள். பிடி கைக்குள் பொருந்தி நின்றது. அலகு அசையவில்லை. எடுக்க வந்தது, திறந்தே வந்தது. அவள் பிளாஸ்டிக்கைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள். அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் புரிந்தது.

"அக்கா" என்றான் மருதை.

"தள்ளி நில்லுங்க."

"அது எங்க மச்சான் கத்திக்கா. கேப்பாரு. குடுத்துருங்க."

"கையில குடுத்தா சண்டை வரும்னு நீங்கதான சொன்னீங்க. பைக்க எடுங்க."

மருதை சுவரைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான், பைக்கை ஓரமாகத் தள்ளினான். மேலூர் டீக்கடை வெளிச்சம் வரும்வரை கலைமதி ஒரு கையாலேயே ஓட்டினாள். அங்கே நிறுத்திக் கத்தியை மடக்கப் பார்த்தபோது விரல்கள் மடங்கவில்லை. கடைக்காரரின் மனைவி இரண்டு முறை கேட்ட பிறகுதான், தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

உயர்மட்டக் குழு அவசரமாகக் கூடியது. அதே விளக்கு, அதே பொன்னாடை. இந்த முறை அது கலைமதிக்கும் ஒரு நிமிடம் போர்த்தப்பட்டது.

"உலகத்தில் எந்தக் கத்தியும் செய்யாததை நம் சாதனம் செய்திருக்கிறது" என்றார் பிச்சைமுத்து. சீல் கலையாத பிளாஸ்டிக்கை உயர்த்திப் பிடித்திருந்தார். அவர் குரல் தழுதழுத்தது. "வெளியே வராமலே ஒரு குற்றத்தைத் தடுத்திருக்கிறது. எதிராளிக்கு ஒரு கீறல் இல்லை. பெயரும் பெறப்பட்டிருக்கிறது. வயதும் தொலைபேசி எண்ணும்தான் விடுபட்டுவிட்டன. பரவாயில்லை, முதல் முறை."

சர்ஃபராஸ் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். "சாரி மேடம்" என்று மெல்லச் சொன்னான்.

கலைமதி மருதையின் கத்தியை மேசைமேல் வைத்தாள். "சார், இதை என்ன பண்றதுங்க?"

தலைவர் கை நீட்டினார். "அனுமதியற்ற கத்தி. ஒப்படைத்துவிடுங்கள்."

"க்ஷமிக்கணும்" என்று குறுக்கிட்டார் அழகியமணவாளன். "அது அந்த மருதையோட சொத்து. அவன் தானமாக் கொடுக்கலை, விக்கலை. இரவலா மதகுச் சுவத்துலே வெச்சிருக்கான். நாம எடுத்து வெச்சுண்டா அடுத்தவா சொத்தை அபகரிச்சதா ஆயிடும். அவன் கோர்ட்டுக்குப் போனா கம்பெனிதான் பதில் சொல்லணும்."

நீட்டிய கை மேசைக்கு வராமலே திரும்பியது. சர்ஃபராஸும் நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டான்.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு தீர்மானம் பிறந்தது. பொருளை அதன் உரிமையாளரிடம் சேர்க்க வேண்டும். உரிமையாளர் மேலூர் - முக்கொம்பு சாலையில் மாலை வேளைகளில் காணப்படுகிறார். எனவே அவ்வழியே செல்லும் ஊழியர், உரிமையாளர் கேட்டால் உடனே தருவதற்கு வசதியாக, மேற்படி பொருளைத் தினமும் தம்முடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

கலைமதிக்குத் தன் காதுகளை நம்ப முடியவில்லை. "அப்ப, தினமும் எடுத்துக்கிட்டுப் போகலாங்களா சார்?"

"போகலாம் என்பதல்ல. மறந்து வீட்டில் வைத்துவிட்டு வந்தால் நடவடிக்கை உண்டு."

அன்று மாலை கிளையில் காவலாளி அவள் பையைத் திறந்தார். கத்தியைப் பார்த்தார். தீர்மான நகலைப் படித்தார். கத்தி சரியாக உள்ளே இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு ஜிப்பை மூடினார். வீட்டில் இளவரசன் அதைத் திறந்து, மடக்கி, மறுபடி திறந்து பார்த்தான். "நல்ல லாக்கு" என்றான். காலண்டரில் அதற்குப் பிறகு வட்டம் எதுவும் போடவில்லை.

தீபாவளி கழிந்து ஒரு வாரம் இருக்கும். மதகுக்குப் பக்கத்தில் ஒரு பைக் நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, ஒருவன் அதைச் சாய்த்து ஆட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் கர்ச்சீப் இல்லை. இருந்தாலும் பைக்கையும் உடல்வாகையும் வைத்துக் கலைமதிக்கு அடையாளம் தெரிந்தது. ஸ்கூட்டியைத் திருப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். கொஞ்சம் தள்ளி ஸ்கூட்டியை நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் பைக்குள் கையை விட்டாள்.

"மருதைங்களா? உங்க கத்தி எங்கிட்டதான் இருக்கு. வேணும்னா..."

மருதை நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், பைக்குள் போன கையைப் பார்த்தான். பைக்கை அப்படியே போட்டுவிட்டு வாழைத்தோப்புக்குள் பாய்ந்தான்.

"வேணாங்க்கா!" என்று இலைகளுக்கு நடுவிலிருந்து குரல் மட்டும் வந்தது. "நீங்களே வச்சுக்கிடுங்க!"

உரிமையாளர் பெற்றுக்கொள்ள மறுத்த விவரத்தைக் கலைமதி தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் குழு மறுபடியும் கூடும்.